ஆற்றங்கரையில் ஆடுவதற்கு இடம் விடுவது எப்படி?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டடக்கலை இறுதியாண்டு மாணவர் ஒருவர், நகரத்துக்குள் ஓடும் ஆற்றின் கரையில் ஒரு பொது இடத்தை வடிவமைக்கப் போகிறார். ஸ்கேட்போர்டு (சக்கரம் வைத்த பலகையில் ஓடுவது), பார்க்கூர் (சுவர், படி என்று தடைகளைத் தாவிக் கடப்பது), பி.எம்.எக்ஸ் என்ற சாகசச் சைக்கிள், கம்பியில் தொங்கிச் செய்யும் பயிற்சி, தெருக் கிரிக்கெட் என்று கிளப்பும் பயிற்சியாளரும் இல்லாமல் பிள்ளைகள் தாங்களாகவே கூடி ஆடும் ஆட்டங்களுக்கான இடம். எந்த ஊரைப் பார்த்துக் கற்றுக்கொள்வது, அளவுகளை எப்படி முடிவுசெய்வது என்று கேட்கிறார். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு கட்டம் என்று பிரித்து ஏற்கெனவே ஒரு வரைபடமும் போட்டிருக்கிறாராம். அது சரியா என்பதும் கேள்வி.

வரைபடத்திலிருந்தே தொடங்குகிறேன். அதை இப்போதைக்கு மடித்து வையுங்கள். ஸ்கேட்போர்டுக்கு ஒரு மூலை, பார்க்கூருக்கு ஒரு மூலை, நடுவில் புல்வெளி என்று பிரிப்பது காகிதத்தில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் இந்த ஆட்டங்கள் எல்லாமே, வேறு எதற்கோ கட்டிய இடத்தைப் பிள்ளைகள் பார்த்து, "இங்கே ஆடலாம்" என்று கண்டுபிடித்ததால் பிறந்தவை. கைப்பிடிச் சுவர், படிக்கட்டு, பாலத்தின் அடிப்பகுதி, காய்ந்த குளம், ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கும் பார்க்கிங். நீங்கள் ஆட்டத்தை வடிவமைக்க வேண்டாம். ஆட்டம் பிறக்கக்கூடிய தரையையும் விளிம்பையும் நிழலையும் வடிவமையுங்கள். அங்கே ஆடுகிறவர்களை யாரும் துரத்த முடியாத ஏற்பாட்டையும் அதோடு சேர்த்துச் செய்யுங்கள். நான் சொல்லப்போவது அவ்வளவும் இதற்குள் அடங்கும்.

பார்த்துக் கற்றுக்கொள்ள ஒரே ஓர் இடம்தான் சொல்லலாம் என்றால் லண்டன் தேம்ஸ் நதியின் தென்கரையைச் சொல்வேன். அங்கே 1967இல் குயீன் எலிசபெத் ஹால் என்ற இசையரங்கம் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர்கள் லண்டன் மாநகர நிர்வாகத்தின் கட்டடக்கலைப் பிரிவினர். ஆர்க்கிகிராம் என்ற கட்டடக்கலைஞர் குழுவில் பின்னாளில் பேர் பெற்ற ரான் ஹெரன், வாரன் சாக், டென்னிஸ் கிராம்ப்டன் ஆகியோரும் அந்த அணியில் இருந்தார்கள். அரங்கத்தை மேலே தூக்கி நிறுத்தியதால் கீழே ஒரு வெற்றிடம் கிடைத்தது. காளான் போல விரியும் தூண்கள், சாய்வான கான்கிரீட் மேடுகள், கான்கிரீட் பலகைகள் பதித்த தரை, தலைக்கு மேல் கூரை. மக்கள் நடமாடட்டும் என்று விட்ட இடம். ஆனால் குறிப்பாக எதற்கும் என்று ஒதுக்கவில்லை.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஃபிராங்க் நாஸ்வொர்தி என்பவர் ஸ்கேட்போர்டுக்கு யூரிதேன் என்ற பிளாஸ்டிக் வகைச் சக்கரத்தைக் கொண்டுவந்தார். அதற்கு முன் களிமண் கலவையில் செய்த சக்கரங்கள்தான். சின்னக் கல் தட்டினாலும் பலகை நின்றுவிடும், ஆள் மட்டும் முன்னால் பறப்பார். யூரிதேன் தரையைப் பிடித்துக்கொண்டு ஓடியது. அந்தச் சக்கரங்கள் லண்டனுக்கு வந்துசேர்ந்த அதே காலத்தில்தான் பிள்ளைகள் அரங்கத்தின் அடியில் இருந்த சாய்வுகளைக் கண்டுகொண்டார்கள். கடலலையில் சறுக்குகிறவர்களுக்கு அலை எப்படியோ, இவர்களுக்கு அந்தச் சாய்வு. அன்றிலிருந்து இன்றுவரை அங்கே ஆட்டம் ஓயவில்லை. உலகத்தில் மிக நீண்ட காலமாகத் தொடர்ந்து ஸ்கேட்போர்டு ஆடப்படும் இடங்களில் அது ஒன்று.

ஏன் அங்கே ஒட்டிக்கொண்டது என்பதைக் கட்டடக்கலைக் கண்ணோடு பாருங்கள். லண்டனில் மழை அதிகம், இங்கே கூரை உண்டு. சாய்வு இருப்பதால் கால் உந்தாமலே வேகம் கிடைக்கும். தூண்களின் இடைவெளி பலகை ஓட்டத்துக்கு வழிகளை வகுத்துத் தருகிறது. முன்பக்கம் முழுக்கத் திறந்து, ஆற்றோரம் நடப்பவர்களின் பாதையைப் பார்த்தபடி இருக்கிறது. நடந்து போகிறவர்கள் நிற்பார்கள், பார்ப்பார்கள், ஒருவன் விழுந்து எழுந்தால் கைதட்டுவார்கள். ஆடுபவர்கள் ஒளிந்துகொள்ளவும் இல்லை, மேடையேற்றப்படவும் இல்லை. இந்தக் கடைசி அம்சத்தைத்தான் பெரும்பாலான வடிவமைப்புகள் கோட்டைவிடுகின்றன. ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலைக்குப் பின்னால், கம்பி வேலிக்குள் ஒரு ஸ்கேட் பார்க் கட்டிவிட்டு, "யாருமே வரவில்லையே" என்று கேட்பார்கள்.

அந்த இடத்தின் கதை சுகமாகவே போகவில்லை. 2000களின் நடுவில் ஆடும் பரப்பில் பெரும்பகுதியை அடைத்துவிட்டார்கள். 2013இல் அங்குள்ள கலைமைய நிர்வாகம் சுமார் 12 கோடி பவுண்டு மதிப்பில் ஒரு விரிவாக்கத் திட்டத்தை அறிவித்தது. அரங்கத்தின் அடிப்பகுதியில் கடைகள் வரும். ஸ்கேட்போர்டு ஆடுபவர்களுக்குச் சற்றுத் தள்ளி ஹங்கர்ஃபோர்டு பாலத்தின் அடியில் புதிதாக ஓர் இடம் கட்டித் தரப்படும். வெளியிலிருந்து பார்த்தால் நியாயமான பரிமாற்றம்தான். புது இடம், நல்ல தரை, அதுவும் ஆற்றோரம். ஆடுபவர்கள் மறுத்தார்கள். 'லாங் லிவ் சவுத்பேங்க்' (தென்கரை வாழ்க) என்று ஓர் இயக்கம் தொடங்கி, அந்த இடத்திலேயே மேசை போட்டு உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். திட்ட அனுமதிக்கு எதிராக 27,000க்கும் அதிகமான ஆட்சேபங்கள் பதிவாயின. 2014 ஜனவரியில் அப்போதைய மேயர் போரிஸ் ஜான்சன், ஸ்கேட்போர்டு அங்கேயே இருக்க வேண்டும் என்று சொன்னதும் திட்டம் நின்றது. அந்த செப்டம்பரில் இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன. ஸ்கேட்போர்டு, பி.எம்.எக்ஸ், சுவர் ஓவியம் முதலிய நகர்ப்புறச் செயல்பாடுகளுக்கு அந்த இடம் கட்டணமில்லாமல் திறந்தே இருக்கும் என்பதை அந்தப் பகுதியின் லாம்பெத் நகராட்சியோடு செய்துகொண்ட திட்ட ஒப்பந்தத்தில் எழுதிச் சேர்த்தார்கள். அடைத்து வைத்திருந்ததில் ஒரு பகுதியைப் பொதுமக்களிடம் நிதி திரட்டிச் சீரமைத்து, 2019 ஜூலையில் திரும்பத் திறந்தார்கள். அப்போது பழைய சாய்வு மேடுகள் மறுபடி கிடைத்தன.

இதிலிருந்து உங்கள் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த ஒப்பந்தத்தின் வாசகம். வரைபடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், "இந்த ஆட்டங்கள் இங்கே அனுமதிக்கப்பட்டவை, கட்டணம் கிடையாது" என்று எங்காவது எழுதி வைக்காவிட்டால், அடுத்து வரும் அதிகாரி ஒரே ஒரு தடை அறிவிப்பு வைத்து எல்லாவற்றையும் முடித்துவிடலாம். உங்கள் திட்டத்தில் ஒரு பக்கத்தை இதற்கு ஒதுக்குங்கள். நிலம் யாருடையது, பராமரிப்பு யார் பொறுப்பு, எந்த நேரம் திறந்திருக்கும், மாற்ற வேண்டுமானால் யாரைக் கேட்க வேண்டும். கட்டடக்கலைத் தாளில் இதை எழுதக் கூச்சப்படாதீர்கள். இதுவும் வடிவமைப்புதான்.

லண்டன் தானாக உருவான இடம். திட்டமிட்டுக் கட்டிய இடம் ஒன்றும் வேண்டுமே என்றால் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போக வேண்டும். அங்கே நகரின் நடுவில் லவ் பார்க் என்ற சதுக்கம் 1965இல் திறக்கப்பட்டது. கிரானைட் பெஞ்சுகளும் படிகளும் நிறைந்த அந்த இடத்தை ஸ்கேட்போர்டு உலகமே கொண்டாடியது, நகர நிர்வாகம் தடைசெய்தது. அந்தச் சதுக்கத்தின் மூலக்கருத்தைத் தந்த எட்மண்ட் பேக்கன், 2002இல் தமது 92ஆம் வயதில், தடையை எதிர்த்து அதே சதுக்கத்தில் இருவர் தாங்கிப் பிடிக்க ஸ்கேட்போர்டில் ஏறி ஓட்டினார். தடை நீங்கவில்லை. மாற்றாக ஷூல்கில் ஆற்றங்கரையில் பெய்ன்ஸ் பார்க் 2013இல் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் அந்தோணி பிராகாலி.

அங்கே கவனிக்க வேண்டியது, அதை ஸ்கேட் பார்க்காக மட்டும் வரையவில்லை என்பதே. நடைபாதையும் உட்காரும் படிகளும் மரங்களும் ஆற்றைப் பார்க்கும் மேடையும் உள்ள ஒரு சதுக்கம் அது. உட்காரும் திண்டு எல்லாம் ஸ்கேட்போர்டும் ஏறும் திண்டு. மதிய உணவுப் பொட்டலத்தைப் பிரித்து உட்காருகிறவருக்கும் பலகையோடு வருகிறவருக்கும் ஒரே பொருள் பயன்படுகிறது. ஒரு பொருளுக்கு இரண்டு வேலையாவது இருக்கட்டும். உங்கள் படத்தில் ஒவ்வொரு திண்டையும் சுவரையும் தொட்டு, "இதில் வேறென்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். ஒரே பதில்தான் வருகிறது என்றால் அதை மாற்றுங்கள்.

இனி தரைக்கு வருவோம். நம் ஊரில் எந்தப் பொது இடத்தைப் புதுப்பித்தாலும் முதலில் வந்து இறங்குவது பேவர் பிளாக். தெருவோரம் போகும்போது ஒரு பிளாக்கைக் குனிந்து பாருங்கள். அதன் மேல்விளிம்பு நான்கு பக்கமும் சாய்வாக வெட்டியிருக்கும். இரண்டு பிளாக் சேரும் இடத்தில் அது ஒரு சின்னப் பள்ளமாகும். நடப்பவருக்கு அது தெரியாது. ஸ்கேட்போர்டு சக்கரத்தின் விட்டம் ஐம்பது மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அந்தப் பள்ளங்கள் மேல் ஓடினால் பல் கிட்டும் அளவுக்கு அதிரும், வேகம் செத்துவிடும். வருடம் இரண்டானால் அடியில் மணல் இறங்கி, பிளாக்குகள் ஏறியும் இறங்கியும் நிற்கும். அப்புறம் சக்கர நாற்காலியும் குழந்தையைத் தள்ளும் வண்டியும்கூடப் போகாது. அதனால் குறைந்தது ஒரு பெரிய தொடர் பரப்பாவது ஒரேயடியாக வார்த்த கான்கிரீட்டாக இருக்கட்டும். பவர் ட்ரோவல் (தரையைத் தேய்த்து மெழுகும் இயந்திரம்) போட்டு மழமழப்பாக்க வேண்டும், ஆனால் கண்ணாடியாக்கிவிடக் கூடாது. மழைத்தூறலில் வழுக்கும். கான்கிரீட் சுருங்கும்போது கண்டபடி வெடிக்காமலிருக்கப் போடும் வெட்டுகளை மெல்லிய ரம்பக் கோடுகளாகப் போட்டு, ஓட்டம் போகும் திசைக்குக் குறுக்கே வரும்படி வையுங்கள். கோடு ஓட்டத்தின் திசையிலேயே நீண்டால் சக்கரம் அதற்குள் சிக்கும். தண்ணீர் வடிய நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை சாய்மானம் போதும். மூடி போட்ட வடிகால் எதையும் ஓட்டப்பாதையின் நடுவில் கொண்டுவராதீர்கள்.

விளிம்புகள் அடுத்து. திண்டின் உயரம் 30 செ.மீ.யிலிருந்து 45 செ.மீ.க்குள் பலவிதமாக இருக்கட்டும். 30 புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு. 45 நாம் வசதியாக உட்காரும் உயரம், தேர்ந்தவருக்கு ஏறிச் சறுக்கும் உயரம். கான்கிரீட் மூலையை அப்படியே விட்டால் சில மாதத்தில் உதிர்ந்துவிடும். ஆங்கிள் இரும்பைக் கான்கிரீட் வார்க்கும்போதே நங்கூரக் கம்பியோடு உள்ளே பதியுங்கள், அல்லது தடித்த கிரானைட் கல் வையுங்கள். கிரானைட் தமிழ்நாட்டில் கிடைக்காத பொருளா? கிருஷ்ணகிரி, தருமபுரி, மதுரைப் பக்கத்துக் கற்கள் உலகமெங்கும் போகின்றன. நம் படித்துறைகளே கல்லில்தானே நூற்றாண்டுகளாக நிற்கின்றன. இந்தத் திண்டுக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஏழெட்டு மீட்டர் வெட்டவெளி வேண்டும். வேகம் எடுக்கவும் வேண்டும், நிறுத்தவும் வேண்டும் அல்லவா. பல வடிவமைப்புகளில் அழகான திண்டு இருக்கும், அதற்கு இரண்டு மீட்டர் முன்னால் ஒரு செடித்தொட்டி நிற்கும்.

பார்க்கூருக்குத் தேவை வேறு. பல உயரங்களில் சுவர், அவற்றுக்கிடையே தாவக்கூடிய பல இடைவெளிகள், கையில் பிடிமானம் தரும் சொரசொரப்பான மேற்பரப்பு. ஸ்கேட்போர்டு கேட்கும் மழமழப்புக்கு இது நேர் எதிர். அதனால்தான் இரண்டையும் ஒரே சுவரில் திணிக்கக் கூடாது, பக்கத்துப் பக்கத்தில் வைக்கலாம். கம்பிப் பயிற்சிக்கு ஒரு இன்ச் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் போதும். அதன் வெளிவிட்டம் ஏறக்குறைய 34 மி.மீ. கையில் சுற்றிப் பிடிக்க அது நன்றாகவே இருக்கும். உயரத்தைப் பலவிதமாக வையுங்கள், அடியில் மணல் போடுங்கள். ஐரோப்பாவில் ஸ்கேட் பார்க், பார்க்கூர், திறந்தவெளி உடற்பயிற்சிச் சாதனம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் பாதுகாப்புத் தரநிலைகள் உண்டு. ஈ.என். 14974, 16899, 16630 என்ற எண்களில் தேடிப் படியுங்கள். விழும் உயரம், கை கால் சிக்கக்கூடிய இடைவெளி போன்றவற்றை அவை தெளிவாகச் சொல்கின்றன.

பந்தாட்டங்களுக்குத் தனித்தனி மைதானம் வேண்டாம். 15 மீட்டருக்கு 11 மீட்டர் என்பது அணிக்கு மூவர் ஆடும் கூடைப்பந்தின் அளவு. கபடிக்களம் 13க்கு 10. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக உட்காரும். கூடைப்பந்துக் கம்பம் ஓர் ஓரத்தில் இருக்கட்டும். கபடி தரையில் கோடு போட்டு ஆடுவது, அதற்கு மண் தரைதான் சரி என்பவர்களும் உண்டு. ஆகவே கான்கிரீட்டுக்குப் பக்கத்திலேயே கெட்டிப்பட்ட செம்மண் பரப்பு ஒன்றையும் விடுங்கள். சிலம்பம் சுற்றுகிறவர்கள் மாலையில் அங்கேதான் வருவார்கள். ஆளுயரக் கம்பு சுழலும் என்பதால் அவர்களுக்குப் பக்கவாட்டிலும் தலைக்கு மேலும் வெற்றிடம் வேண்டும். தாழ்ந்த கிளையும் விளக்குக் கம்பியும் அங்கே ஆகாது. டென்னிஸ் பால் கிரிக்கெட்டை நினைத்துத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். 20 மீட்டர் நீளத்துக்கு யாரும் குறுக்கே நடக்காத ஒரு பாதையும் பின்னால் ஒரு சுவரும் இருந்தால் அது தானே வந்துவிடும். பந்து ஆற்றுக்குள் போகாதபடி அடிக்கும் திசையை மட்டும் ஆற்றுக்கு இணையாக வையுங்கள். பந்தை எடுக்க இறங்குவதுதான் ஆற்றோரத்தில் மிகப் பெரிய ஆபத்து.

ஆறு என்றதும் நினைவில் நிற்க வேண்டிய பாடம் பிரான்சின் லியோன் நகரில் இருக்கிறது. ரோன் நதியின் இடது கரையில் தாழ்ந்த படித்துறை முழுக்கக் கார் நிறுத்தமாகக் கிடந்தது. அதை அகற்றி, சுமார் 5 கிலோமீட்டர் நீளத்துக்கு நடைபாதை, சைக்கிள் பாதை, படிகள், ஸ்கேட் பார்க், புல்வெளி என்று 2007இல் மக்களுக்குத் திறந்தார்கள். அந்தக் கரை வெள்ளத்தில் மூழ்கும் என்பதை ஏற்றுக்கொண்டே கட்டினார்கள். மூழ்கினால் மூடுவார்கள், வடிந்ததும் வண்டலைக் கழுவித் திரும்பத் திறப்பார்கள்.

நம் ஆறுகளுக்கு இது இன்னும் கறாராகப் பொருந்தும். வருடத்தில் பல மாதம் மணலும் கருவேலமும், சில நாள் கரை தொட்டு வெள்ளம். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்குச் சுமார் 29,000 கன அடி திறந்துவிட்டபோது அடையாற்றங்கரை என்ன ஆனது என்று நமக்குத் தெரியும். உங்கள் ஆற்றுக்கான உச்ச வெள்ள மட்டத்தை நீர்வளத் துறையிடம் கேட்டு வாங்குங்கள். அதோடு நிற்காமல் கரையோர வீடுகளில் போய்க் கேளுங்கள். சுவரில் தண்ணீர் ஏறிய கோட்டைத் தொட்டுக் காட்டுவார்கள், இரண்டும் ஒத்துப்போகிறதா பாருங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே மின்சுவிட்சு, பெட்டிக்கடை, கழிப்பறை எதுவும் வரக் கூடாது. கீழே இருப்பதெல்லாம் கனமாக, ஒரே வார்ப்பாக, உள்ளே குழிவில்லாமல் இருக்க வேண்டும். மரப்பலகை ரேம்ப் (சாய்தளம்), போல்ட் போட்ட இரும்பு ரேம்ப் இவற்றை வெள்ளம் கொண்டுபோய் அடுத்த பாலத்தின் தூணில் சாத்திவிடும். அங்கே அது குப்பையைப் பிடித்துக்கொண்டு ஆற்றையே அடைக்கும். கிண்ணம் போன்ற குழிகள் வேண்டாம் என்றே சொல்வேன். வெள்ளம் வடிந்தபின் அதில் சேறும் கொசுவும்தான் தங்கும். சாய்வுகள் எல்லாம் ஆற்றைப் பார்த்து வடியட்டும். ஆனால் ஓட்டத்தின் திசை ஆற்றை நோக்கி இருக்கக் கூடாது. சக்கரத்தில் வரும் பிள்ளை தடுமாறினால் தண்ணீரில் போய் முடியக் கூடாது. அணையிலிருந்து தண்ணீர் திறக்கும்போது எச்சரிக்கும் ஒலிபெருக்கி, மேலே ஏறப் பல இடங்களில் அகலமான வழிகள், வண்டல் வார இயந்திரம் இறங்க ஒரு சாய்வுப் பாதை ஆகியவற்றைப் படத்தில் காட்டினால் மதிப்பிடும் பொறியாளர் உங்களை நம்புவார்.

ஆற்றைக் கான்கிரீட் சுவருக்குள் அடக்கிவிட்டு மேலே பூங்கா போடலாமே என்று ஒரு யோசனை வரும். அகமதாபாத்தில் சபர்மதியை அப்படித்தான் செய்தார்கள். இரு கரையிலும் 11 கிலோமீட்டருக்கு மேல் சுவரும் நடைபாதையும். நகரத்துக்கு ஆற்றோரம் கிடைத்தது, மாலையில் ஆயிரக்கணக்கானோர் நடக்கிறார்கள், பிள்ளைகள் ஆட விளையாட்டுப் பூங்காவும் வந்தது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன் அந்தக் காய்ந்த ஆற்றுப்படுகையில் கிரிக்கெட் ஆடினார்கள், சர்க்கஸ் கூடாரம் போட்டார்கள், ஞாயிறு சந்தை நடந்தது, துணி வெளுத்தார்கள், காய்கறி பயிரிட்டார்கள். கரையில் குடிசை போட்டிருந்த 10,000க்கும் அதிகமான குடும்பங்கள் நகரின் ஓரங்களுக்குப் போக வேண்டியிருந்தது. படுகை இப்போது நர்மதைக் கால்வாய்த் தண்ணீர் நிற்கும் தடாகம். முன்பு அங்கே ஆடிய பிள்ளை இப்போது எங்கே ஆடுகிறது என்ற கேள்வியை ஒவ்வொரு வடிவமைப்புத் தாளிலும் நான் பார்க்க விரும்புகிறேன்.

மதுரை வண்டியூர்த் தெப்பக்குளத்தை அறிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். குளம் வறண்டு கிடந்த காலங்களில் ஒரே நேரத்தில் எத்தனையோ கிரிக்கெட் ஆட்டம் அதற்குள் நடக்கும். ஒரு அணியின் ஃபீல்டர் அடுத்த அணியின் பிட்ச்சில் நிற்பார், யாரும் யாரோடும் மோதிக்கொள்ள மாட்டார்கள். வைகைத் தண்ணீரால் குளம் நிறைந்து நிற்பது மதுரைக்குப் பெரிய பேறு, அதில் சந்தேகமே இல்லை. ஆடிய பிள்ளைகளுக்கும் மாற்றிடம் தேடித் தருவது அதோடு சேர்ந்த கடமை.

ஆகவே உங்கள் முதல் வேலை கள ஆய்வு. கரையில் இப்போதே யார் என்ன செய்கிறார்கள் என்று நேரம் போட்டுக் குறியுங்கள். விடியலில் நடப்பவர்கள், துணி துவைப்பவர்கள், மாடு குளிப்பாட்டுபவர்கள், பள்ளி விட்டதும் வரும் பிள்ளைகள், இருட்டியதும் வருபவர்கள். ஆற்றங்கரை நமக்குச் சடங்குக்கான இடமும்கூட. அமாவாசைத் தர்ப்பணம், காவிரிக் கரையில் ஆடிப்பெருக்கு, சித்திரையில் அழகர் இறங்கும் வைகை. அந்த நாட்களில் ஆட்டம் விலகி வழிவிட வேண்டும், நிலையான கம்பம் எதுவும் கூட்டத்தின் வழியில் நிற்கக் கூடாது. நல்ல வேளையாக, வெறும் தரை இதற்கெல்லாம் இடங்கொடுக்கும். வேலி போட்ட மைதானம் கொடுக்காது. வேலி வேண்டாம் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

நிழல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஐரோப்பியப் படங்களைப் பார்த்து வரையும்போது இது விட்டுப்போகும். அங்கே வெயிலைத் தேடுகிறார்கள், இங்கே மே மாதம் பதினோரு மணிக்குக் கான்கிரீட்டில் உள்ளங்கை வைக்க முடியாது, இரும்புக் கம்பியைத் தொடவே முடியாது. மேற்கு வெயிலை மறைக்கும்படி புங்கமும் வேம்பும் வரிசையாக வையுங்கள். புங்கை நம் ஆற்றோரத்து மரம், நிழல் அடர்த்தி, சீக்கிரம் வளரும். மரம் வளரும் வரை என்ன செய்வது? பாலங்களைப் பாருங்கள். அமெரிக்காவின் போர்ட்லாந்தில் வில்லமெட் ஆற்றுப் பாலத்தின் அடியில் 1990இல் ஸ்கேட்போர்டு ஆடுபவர்கள் யாரிடமும் கேட்காமல் தாங்களே சிமென்ட் குழைத்து பர்ன்சைடு பூங்காவைக் கட்டினார்கள். நகரம் பிறகு ஏற்றுக்கொண்டது. லண்டனிலும் போர்ட்லாந்திலும் மழைக்கு ஒதுங்கக் கிடைத்த கூரை, நமக்கு வெயிலுக்கும் மழைக்கும் சேர்த்து உதவும். கரைமேல் ஏறும் பாலத்தின் முதல் கண் (இரு தூண்களுக்கு இடைப்பட்ட வெளி), இரண்டாம் கண்ணுக்குக் கீழே உள்ள மேட்டு நிலம் பெரும்பாலும் குப்பையும் இருட்டுமாகத்தான் கிடக்கும். உங்கள் திட்டத்தின் மையத்தை அங்கே வைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். பால நிர்வாகத்திடம் தூணைத் தொடாமல், ஆய்வுக்கு வழிவிட்டுக் கட்டுவதாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

பெண் பிள்ளைகள் வருவார்களா என்று கேள்வியில் நீங்கள் கேட்கவே இல்லை. நான் கேட்கிறேன். 1990களின் பிற்பகுதியில் வியன்னா மாநகராட்சி பூங்காக்களை ஆராய்ந்தபோது, பத்து வயதை ஒட்டிப் பெண் பிள்ளைகள் பூங்காவுக்கு வருவதையே விட்டுவிடுகிறார்கள் என்று தெரிந்தது. நடுவில் ஒரே மைதானம், ஒரே வாசல், பையன்கள் பிடித்துக்கொண்டால் மற்றவர்களுக்கு இடமில்லை. 1999இல் இரண்டு பூங்காக்களை மாற்றி அமைத்தார்கள். பெரிய பரப்பைச் சின்னச் சின்னதாகப் பிரித்தார்கள், வாசல்களைக் கூட்டினார்கள், வேறு ஆட்டங்களுக்கும் கூடி உட்காரவும் இடம் கொடுத்தார்கள். பெண் பிள்ளைகள் திரும்ப வந்தார்கள். நம் ஊருக்கு இது இன்னும் அவசரம். ஒரே பெரிய ஆடுகளமாக வரையாமல், ஒன்றையொன்று பார்க்கும்படியான மூன்று நான்கு தளங்களாக விடுங்கள். அவற்றில் ஒன்று தெருவிலிருந்து நேராகத் தெரியட்டும், அங்கே கற்றுக்குட்டிகளுக்கான குறைந்த உயரத் திண்டுகள் இருக்கட்டும். எந்தத் தளத்துக்கும் இரண்டு வழியாவது வேண்டும். வெளியேற ஒரே வழி உள்ள இடத்துக்கு எந்தத் தாயும் மகளை அனுப்ப மாட்டாள். சுத்தமான கழிப்பறை நடக்கும் தூரத்தில் இல்லாவிட்டால் மற்ற எதைக் கட்டியும் பயனில்லை.

விளக்குக்கு ஓரிரண்டு சொல். உயர்ந்த கம்பத்தில் வெள்ளமாகக் கொட்டும் ஒளி தரையில் கறுப்பு நிழல்களை உண்டாக்கும், விழிமேல் அடிக்கும். தாழ்ந்த கம்பங்களைப் பல பக்கத்திலிருந்தும் வையுங்கள், ஆற்றுப் பக்கம் ஒளி சிந்தாமல் பாருங்கள். நடைபாதை விளக்கு இரவு முழுதும் எரியட்டும். ஆடுதள விளக்கு மட்டும் இரவு ஒன்பதரை, பத்துக்கு அணையட்டும். "போங்கள்" என்று யாரும் விரட்ட வேண்டியதில்லை, பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் தூக்கம் கிடைக்கும். சக்கரச் சத்தம் தூரத்துக்குக் கேட்கும் என்பதால், வீடுகளை ஒட்டிச் செம்மண் பரப்பும் ஆற்றை ஒட்டிக் கான்கிரீட் பரப்பும் வரும்படி வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பணம். மதிப்பீட்டுத் தொகை முழுவதையும் திறப்பு விழாவுக்குள் செலவழித்துவிடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கி, இடம் திறந்து ஓராண்டு கழித்துச் செய்யும் இரண்டாம் கட்டம் என்று எழுதுங்கள். அந்த ஓராண்டில் எந்தத் திண்டின் விளிம்பு தேய்ந்து பளபளக்கிறது, எந்த மேடையில் தூசி படிந்திருக்கிறது, புல்லில் எந்த இடத்தில் ஒற்றையடிப் பாதை விழுந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அங்கே ஆடுபவர்களில் நான்கைந்து பேரை அழைத்து, அவர்களோடு நடந்து, இரண்டாம் கட்டத்தை அவர்கள் வாயால் கேட்டு வரையுங்கள். மடித்து வைக்கச் சொன்ன உங்கள் வரைபடத்தை அப்போது விரித்து, எந்த ஆட்டத்துக்கான கட்டம் நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்று அதன் மேலேயே குறித்துக்கொள்ளுங்கள்.